ஃபிலிம் ஸ்கேனிங்கும் நிறமும்: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் ஒரு ஸ்கேனரை வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கொண்டுவரும் பழைய நெகட்டிவ்களையும் ஸ்லைடுகளையும் ஸ்கேன் செய்து கொடுக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆல்பத்திலிருந்த பிரிண்டெல்லாம் ஊறி ஒட்டிப்போன வீடுகளில், பரணில் கிடந்த நெகட்டிவ் கவர் மட்டும் தப்பியிருக்கிறது. அவர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் நிறத்தைப் பற்றியது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நெகட்டிவ் முழுக்க ஆரஞ்சாக இருக்கிறதே, கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. கலர் நெகட்டிவ் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஃபிலிமில் நிறத்தை உண்டாக்குவது மூன்று அடுக்குச் சாயங்கள்: சயான், மஜெந்தா, மஞ்சள். சயான் சாயம் சிவப்பு ஒளியை மட்டும் தடுக்க வேண்டும். ஆனால் பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் தின்றுவிடும். மஜெந்தா பச்சையை மட்டும் தடுக்க வேண்டும். அதுவும் நீலத்தில் கை வைக்கும். எந்தத் தயாரிப்பாளராலும் சுத்தமான சாயத்தைச் செய்ய முடியவில்லை. அதனால் வேறு வழி கண்டுபிடித்தார்கள். சாயமாக மாறாமல் மிஞ்சும் வேதிப்பொருளுக்கே ஒரு நிறம் கொடுத்தார்கள்: மஜெந்தா அடுக்கில் மஞ்சள், சயான் அடுக்கில் இளஞ்சிவப்பு. சாயம் உருவான இடத்தில் இந்த மிச்ச நிறம் குறையும். உருவாகாத இடத்தில் அப்படியே நிற்கும். ஆகவே சாயத்தின் குறை படத்தில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று இல்லாமல் முழுக்க ஒரே அளவாகிவிடுகிறது. ஒரே அளவான குறையை மொத்தமாகக் கழித்துவிடலாம் அல்லவா? மஞ்சளும் இளஞ்சிவப்பும் சேர்ந்ததுதான் நீங்கள் பார்க்கும் ஆரஞ்சு.

ரொம்பப் பழைய சில கலர் நெகட்டிவ்களில் இந்த ஆரஞ்சு இருக்காது. அப்படி ஒன்று வந்தால் தனியாக எடுத்து வையுங்கள். ஆரஞ்சைக் கழிப்பதாக நினைத்து வேலை செய்யும் மென்பொருள் அதில் தடுமாறும்.

போட்டோஷாப்பில் இன்வர்ட் கொடுத்தேன். எல்லாம் நீலமாக வருகிறதே?

ஆரஞ்சைத் தலைகீழாக்கினால் நீலம்தான் வரும். முதலில் ஆரஞ்சைக் கழிக்க வேண்டும், அப்புறம் தலைகீழாக்க வேண்டும். கழிப்பதும் மூன்று சேனலுக்கும் ஒரே மாதிரி அல்ல. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஃபிலிமின் ஏற்றச் சரிவு, அதாவது வெளிச்சம் கூடக்கூட அடர்த்தி ஏறும் வேகம், வேறு வேறு. அதனால் போட்டோஷாப்பின் லெவல்ஸ் கருவியில் ஒவ்வொரு சேனலுக்கும் கருப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி தனித்தனியாக வைத்து, நடுப்பகுதியையும் தனித்தனியாக நகர்த்த வேண்டும். கையால் செய்யலாம்; பொறுமை வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் மென்பொருளில் 'நெகடாக்டர்' என்ற பகுதி இதற்கென்றே இருக்கிறது. படம் எதுவும் பதியாத ஃபிலிம் ஓரத்தை அதற்குக் காட்டினால், ஆரஞ்சின் அளவை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

எந்தக் கலர் ப்ரொஃபைல் வைக்க வேண்டும்? எஸ்ஆர்ஜிபியா, அடோபி ஆர்ஜிபியா?

அதற்கு முன்னால் ப்ரொஃபைல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இது புரிந்துவிட்டால் மீதிக் குழப்பத்தில் முக்கால்வாசி போய்விடும்.

முன்பு நெல் அளக்க மரக்கால் என்ற அளவுப் பாத்திரம் இருந்தது. மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. 'பத்து மரக்கால்' என்று சீட்டில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. எந்த ஊர் மரக்கால் என்றும் தெரிய வேண்டும். டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் மூன்று எண்கள். சிவப்பு 200 என்றால் எவ்வளவு சிவப்பு? அதைச் சொல்வதுதான் ப்ரொஃபைல். எண்களோடு ஒட்டியிருக்கும் 'இன்ன ஊர் மரக்கால்' என்ற குறிப்பு அது.

எஸ்ஆர்ஜிபி 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து சாதாரணத் திரைகளுக்காக முன்வைத்தது. அதற்குள் அடங்கும் நிறங்கள் குறைவு. அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்தது. பச்சை, நீலப்பச்சைப் பக்கம் இன்னும் விரிந்தது. ப்ரோஃபோட்டோ அதைவிடப் பெரியது.

நான் செய்வது இது. மூலக்கோப்பு அடோபி ஆர்ஜிபி, 16 பிட், டிஃப். பகிர்வதற்கும் பிரிண்டுக்கும் அதிலிருந்து எடுக்கும் நகல் எஸ்ஆர்ஜிபி, ஜேபெக். தேரி மண்ணின் துருச்சிவப்பு எஸ்ஆர்ஜிபிக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் சாரல் காலத்தில் குற்றாலத்தில் எடுத்த ஸ்லைடின் ஆழ்ந்த பச்சைகளில் சில அடங்காது; இலைக்கு இலை உள்ள வித்தியாசம் மழுங்கி ஒரே திட்டாகிவிடும். ஒருமுறை வெட்டுப்பட்ட நிறம் திரும்பி வராது. மூலத்தைப் பெரிதாக வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் சிறியதாக்கலாம்.

அசைன், கன்வர்ட் இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. நான் பார்க்கும் கெட்டுப்போன கோப்புகளில் நிறையப் பேர் விழுந்த குழி இதுதான்.

அதே மரக்கால்தான். பத்து என்ற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, சீட்டில் ஊர்ப் பெயரை மட்டும் அடித்துவிட்டு வேறு ஊரை எழுதினால் அது அசைன். எண் மாறவில்லை, ஆனால் நெல்லின் அளவு மாறிவிட்டது. அதே நெல்லை இன்னோர் ஊர் மரக்காலால் திரும்ப அளந்து, பன்னிரண்டரை என்று எழுதினால் அது கன்வர்ட். எண் மாறும், நெல் அதேதான்.

வண்ணம் பார்க்கச் சரியாக இருக்கும் கோப்பை வேறு ப்ரொஃபைலுக்குக் கொண்டுபோக எப்போதும் கன்வர்ட். குறிப்பே ஒட்டாமல் வந்த கோப்பு எந்த ப்ரொஃபைலில் உருவானது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அப்போது மட்டும் அசைன். அடோபி ஆர்ஜிபி கோப்பு வெளிறிச் சோகை பிடித்தமாதிரித் தெரிந்தால், யாரோ அதற்கு எஸ்ஆர்ஜிபி அசைன் செய்திருக்கிறார்கள், அல்லது குறிப்பைத் தொலைத்திருக்கிறார்கள் என்று பொருள். சேமிக்கும்போது ப்ரொஃபைலைக் கோப்போடு சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் கட்டாயம் டிக் போடுங்கள்.

ஐடி8 அட்டை வாங்கி ஸ்கேனரை அளவு செய்தால் நிறம் தானாகச் சரியாக வந்துவிடுமா?

ஸ்லைடுக்கு வரும். நெகட்டிவுக்கு வராது.

ஐடி8 என்பது நிறக் கட்டங்கள் அச்சான ஒரு ஃபிலிம் துண்டு. ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் கருவியால் அளந்து ஒரு கோப்பாகக் கூடவே வரும். ஸ்கேனர் கண்ட எண்ணையும் அளந்த எண்ணையும் ஒப்பிட்டு மென்பொருள் ஒரு ப்ரொஃபைல் உருவாக்கும். ஸ்லைடு முடிந்த படம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிவதுதான் உண்மை. ஸ்கேன் அதோடு ஒத்துப்போனால் வேலை முடிந்தது. ஆனால் அட்டையும் ஸ்லைடும் ஒரே வகை ஃபிலிமாக இருக்க வேண்டும். கோடாக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிமான கோடாக்ரோமின் சாயம் வேறு, இ-6 முறையில் கழுவும் ஸ்லைடுகளின் சாயம் வேறு. ஒன்றின் ப்ரொஃபைல் மற்றதற்கு ஆகாது.

நெகட்டிவ் பாதிப் படம். அன்றைக்கு லேபில் இருந்தவர் பிரிண்ட் போடும்போது ஃபில்டரைத் திருப்பி, 'இவ்வளவு மஞ்சள் போதும்' என்று முடிவு செய்தபோதுதான் அது முழுப்படமானது. அந்த முடிவு நெகட்டிவில் பதிந்திருக்கவில்லை. ஒப்பிட ஒரு மூலம் இல்லாதபோது எந்த அட்டை வந்து என்ன செய்யும்? இப்போது அந்த லேப்காரரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

என் சித்தியின் கல்யாண ரோலை முதலில் வெளியே கொடுத்து ஸ்கேன் செய்தோம். ஒரே ரோலில் ஒரே புடவை மூன்று படங்களில் மூன்று நிறம்: தாலி கட்டும் படத்தில் அரக்கு, பந்தியில் செங்கல், வாசல் வாழைமரத்தடியில் கத்திரிப்பூ. காரணம் பிறகு புரிந்தது. ஸ்கேன் மென்பொருளின் ஆட்டோ அமைப்பு ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சமன் செய்திருக்கிறது. வாழை இலையால் பச்சை நிறைந்த படத்தில், பச்சை அதிகம் என்று எண்ணி மஜெந்தாவை ஏற்றிவிட்டது. நானே திரும்ப ஸ்கேன் செய்து, ரோல் முழுவதற்கும் ஒரே அளவைப் பூட்டினேன். மூன்று படங்களும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. ஆனால் மொத்தமும் சிவப்புப் பக்கம் சாய வேண்டுமா, பழுப்புப் பக்கமா என்பதை எந்த மென்பொருளும் சொல்லவில்லை. ஆச்சியிடம் திரையைக் காட்டினேன். "அது நல்ல அரக்குல்லா, ஓரம் மாம்பழக் கலரு" என்றார்கள். பிறகு சித்தி பீரோவிலிருந்து புடவையையே எடுத்து வந்து, மடிப்புக்குள் வெயில் படாத இடத்தை விரித்துக் காட்டினார். அதை வைத்துத்தான் முடித்தேன்.

ஆகவே நெகட்டிவ் கொண்டுவருகிறவர்களிடம் நான் கேட்பது: அந்த நாளில் அங்கே இருந்தவர் யாராவது இருக்கிறாரா? அவரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள். புடவை, வீட்டுச் சுவர், கதவின் பச்சை, பத்தமடைப் பாயின் ஓரச் சிவப்பு, இப்படி ஏதாவது ஒன்று நினைவிருந்தாலும் போதும்.

தோல் நிறத்தை எப்படி முடிவு செய்வது?

இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் தாத்தா கருப்பு. பழைய ஸ்டுடியோ பிரிண்டில் டச்சிங் செய்து அவரை மாநிறமாக்கி வைத்திருந்தார்கள். நெகட்டிவில் அவர் தன் நிறத்திலேயே இருக்கிறார். பல காலம் லேப்களில் நிறத்தைச் சமன் செய்யக் கோடாக் கொடுத்த 'ஷெர்லி' அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோலுக்குச் சரிவரும் அமைப்பு நம் தோலுக்கும் சரிவர வேண்டும் என்பதில்லை. ஆட்டோ எக்ஸ்போஷர் கருத்த முகம் நிறைந்த படத்தைத் தானாக வெளுக்கப் பார்க்கும். அதை அணைத்துவிட்டு, முதலில் வேட்டியின் வெள்ளையைச் சரிசெய்யுங்கள். வேட்டி வேட்டியாகத் தெரிந்தால் முகமும் பெரும்பாலும் தன் நிறத்துக்கு வந்துவிடும்.

சரி, ஸ்கேனர் அமைப்பு என்னென்ன வைக்க வேண்டும்?

எந்த மென்பொருளானாலும் நோக்கம் ஒன்று: ஸ்கேனர் பார்த்ததை அப்படியே வாங்கிக்கொள்வது, அழகுபடுத்துவதைப் பிறகு வைத்துக்கொள்வது. எப்சன் ஸ்கேனில் கலர் கரெக்‌ஷன் வேண்டாம் என்ற தேர்வு இருக்கிறது. நெகட்டிவை நீங்களே தலைகீழாக்கப் போகிறீர்கள் என்றால், அதை வைத்து, பாசிட்டிவ் ஃபிலிம் என்று சொல்லி, 48 பிட் கலரில் (சேனலுக்கு 16 பிட், மூன்று சேனல்) ஸ்கேன் செய்யலாம். ஷார்ப்பனிங், கிரெய்ன் குறைப்பு, பேக்லைட் கரெக்‌ஷன் மூன்றும் அணைந்திருக்கட்டும்.

வியூஸ்கேனில் நான் போவது வேறு வழி. ரோலின் ஆரம்பத்தில் படமில்லாத வெற்றுத் துண்டை வைத்து ப்ரிவ்யூ எடுத்து, எக்ஸ்போஷரைப் பூட்டுவேன்; மறுபடி ப்ரிவ்யூ எடுத்து, ஃபிலிம் அடிநிறத்தைப் பூட்டுவேன். இனி அந்த ரோலின் எல்லாப் படங்களும் ஒரே கணக்கில் வரும். ரோல் மாறினால் பூட்டைத் திறந்து மறுபடி முதலிலிருந்து. ஒரே கம்பெனி ஃபிலிமாக இருந்தாலும், கழுவிய லேபும் ஆண்டும் மாறினால் ஆரஞ்சும் மாறும்.

சில்வர்ஃபாஸ்ட்டில் ஃபிலிம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஓரத்தில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்; அது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். முப்பது வருடம் பீரோவில் வெந்த ஃபிலிம், புதிதாகக் கழுவிய ஃபிலிமுக்கான கணக்கோடு ஒத்துப்போகாது. பெயர் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம், பட்டியலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அருகில் வருவதை எடுங்கள்.

8 பிட் போதாதா? கோப்பு ரொம்பப் பெரிதாகிறதே.

ஸ்லைடுக்கு எப்படியோ சமாளிக்கலாம். நெகட்டிவுக்குப் போதாது. நெகட்டிவ் வெளி உலகின் வெளிச்ச வித்தியாசத்தைச் சுருக்கிப் பதிக்கும். தலைகீழாக்கும்போது அந்தச் சுருக்கத்தை இழுத்து விரிக்கிறோம். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். அதிலும் நெகட்டிவ் பயன்படுத்துவது ஒரு பகுதியை. இழுத்தால் படிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, வானம் பட்டை பட்டையாக உடையும். 16 பிட்டில் 65,536 படிகள். இழுத்தாலும் தாங்கும்.

எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) வைக்க வேண்டும்?

35 மிமீ படம் 24-க்கு 36 மிமீ. 2400 டிபிஐயில் சுமார் 3400-க்கு 2270 பிக்சல். 11 அங்குல அகலப் பிரிண்டுக்குப் போதும். 3200-இல் சுமார் 4530-க்கு 3020. 48 பிட் டிஃப் ஒன்றுக்கு 82 எம்பி, 36 படங்களுக்கு 3 ஜிபி பக்கம். பெட்டியில் 6400 என்று போட்டிருக்கும் தட்டை ஸ்கேனர்கள் அந்த அளவு விவரத்தைத் தருவதில்லை, கோப்புதான் வீங்கும். நான் தட்டை ஸ்கேனரில் 35 மிமீக்கு 2400, நல்ல ஃபிலிம் ஸ்கேனர் கிடைத்தால் 3600 வைப்பேன். அகல ஃபிலிமான 120 ரோலின் சதுரப் படம் 2400-லேயே இரண்டே முக்கால் கோடிப் பிக்சலைத் தாண்டிவிடும்.

டிஜிட்டல் ஐஸ் போடலாமா?

கலர் நெகட்டிவுக்கும் இ-6 ஸ்லைடுக்கும் போடுங்கள். அது அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிக்கிறது; கலர்ச் சாயம் அந்த ஒளிக்குத் தெரியாது, தூசியும் கீறலும் தெரியும். கருப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள். அதுவும் அகச்சிவப்பைத் தடுக்கும் என்பதால் படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கும். கோடாக்ரோமிலும் தொல்லை தரும். போடும் முன் ஊதுபந்தால் தூசியை அடித்துவிடுங்கள்.

கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கு ப்ரொஃபைல் உண்டா?

உண்டு, எளிது. 16 பிட் கிரே, காமா 2.2. ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்த 'இந்து' ஃபிலிம் நம் பக்கத்து வீடுகளில் நிறையக் கிடைக்கிறது. நன்றாகவே ஸ்கேன் ஆகிறது. ஓரத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் நம் மலையில் செய்த ஃபிலிம் என்று எனக்கு ஒரு சந்தோஷம். ஃபிலிமின் மங்கலான பக்கம் எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் பூச்சு), பளபளப்பது அடிப்பக்கம். பளபளப்புப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஓர எழுத்து நேராகத் தெரிய வேண்டும். வைத்தபின் ஆயில் சிந்தியதுபோல வளைய வளையமாக வந்தால் ஃபிலிம் கண்ணாடியைத் தொடுகிறது, சற்று உயர்த்தி வையுங்கள்.

கல்யாண வேலைக்கு வைத்திருக்கும் கேமராவாலேயே நெகட்டிவை எடுக்க முடியாதா?

முடியும், நன்றாகவே வரும். மேக்ரோ லென்ஸ், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா கோப்பு. வெளிச்சம்தான் முக்கியம்: சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 95-க்கு மேல் உள்ள எல்இடி பலகை. மலிவான பலகையில் சில நிறங்களே இருக்காது. இல்லாத நிறத்தை எந்த ப்ரொஃபைலாலும் கொண்டுவர முடியாது. ஒயிட் பேலன்ஸ், ஷட்டர் இரண்டையும் ரோல் முழுக்க மாற்றாதீர்கள். ஃபிலிம் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் விழும்படி கேமராவைத் திருப்பினால் நேராகிவிடும். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.

என் திரையில் சரியாக இருக்கிறது, தம்பி போனில் வேறாக இருக்கிறது. யார் சொல்வது சரி?

அளவு செய்யாத திரையில் இருவருமே ஊகிக்கிறீர்கள். திரையை அளக்கும் சின்னக் கருவியை நண்பரிடம் ஒருநாள் கடன் வாங்கினாலும் போதும். 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 120 நிட் பக்கம். போனின் இரவு விளக்கு முறையை அணையுங்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் வெயில் மத்தியானம் ஜன்னல் வழியே வந்து, கிளிப்பச்சை அடித்த சுவரில் பட்டுத் திரும்பும் அறையில் நிறத்தை முடிவு செய்யக் கூடாது. கண் அந்தப் பச்சைக்குப் பழகி, படம் உள்ளதைவிட மஜெந்தா கூடியதாகத் தெரியும். நான் சாயங்காலத்துக்குப் பிறகு, ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் நிறம் பார்ப்பேன்.

அப்பாவின் ஸ்லைடெல்லாம் சிவந்துபோயிருக்கின்றன. திருத்த முடியுமா?

பழைய பல கலர் ஃபிலிம்களில் இருட்டில் இருந்தாலும் சயான் சாயம் முதலில் வெளுக்கும். மஜெந்தாவும் மஞ்சளும் மிஞ்சிச் சிவப்பாகத் தெரியும். கொஞ்சமாவது சயான் மிச்சமிருந்தால், சிவப்புச் சேனலைத் தனியாக நீட்டி நிறைய மீட்கலாம். முழுக்கப் போயிருந்தால் அந்த விவரம் திரும்ப வராது. அப்போது கருப்பு வெள்ளையாக்கிப் பத்திரப்படுத்துங்கள். திருத்துவதற்கு முன் சிவந்த நிலையிலேயே ஒரு மூல ஸ்கேன் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த நெகட்டிவை என்ன செய்வது?

அந்த நேரத்தில் வெயிலில் காயவைக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் சுருள் அப்படியே காய்ந்தால் எமல்ஷன் பிய்ந்துவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, இரண்டு நாளுக்குள் மெதுவாகப் பிரித்து, அலசி, எமல்ஷன் எதையும் தொடாமல் நிழலில் தொங்கவிட வேண்டும். பூஞ்சை பிடித்தது என்றால் முறையே வேறு. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும்; தண்ணீர் காட்டவே கூடாது. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் ஈரத்தில் இருந்த ஃபிலிம்களில் இதை அதிகம் பார்க்கிறேன். பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாசம் அடித்தால் ஃபிலிமின் அடிப்படலமே சிதைகிறது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதல் வேலையாக ஸ்கேன் செய்யுங்கள்.

குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால் நிறம் மாறுகிறதே?

எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்த ஜேபெக்கை, போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். லேபில் பிரிண்டுக்குக் கொடுப்பதும் அதே எஸ்ஆர்ஜிபி நகல்தான். அங்கே 'ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்' என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். இன்றைய ஸ்கேனரைவிட நல்லது நாளை வரும். பிவிசி உறையைத் தவிர்த்து, பாலிப்ரோப்பிலீன் உறையில், சிலிக்கா ஜெல் பையோடு, பரணில் இல்லாமல் வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். உறைக்கு வெளியே ஒரு தாளில் ஆண்டு, ஊர், யார் கல்யாணம், புடவை என்ன நிறம் என்று பென்சிலால் எழுதி, அந்த நிறத்தைச் சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.